ரவுண்டானாவில் முத்துலட்சுமி

அன்றைக்குக் காலையில் நான் கருவேப்பிலை வாங்கத்தான் போனேன்.

நாகல் நகர் ரவுண்டானா பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள், டீக்கடை வாசலில் கிளாஸோடு நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். முத்துலட்சுமி ஆகாயத்தில் இருந்தாள்.

பிளெக்ஸ் போர்டு. ஈரம்கூடக் காயாத மாதிரி பளபளவென்று இருந்தது. மேலே ஒரு மூலையில் இயேசுநாதர், சின்னதாக. அவருக்குக் கீழே எங்கள் பங்குத்தந்தை, கொஞ்சம் பெரிதாக. நடுவில் எங்கள் சபைத் தலைவர் லூயிஸ் அண்ணன், ஆள் உயரத்துக்கும் மேலே, நீலச் சட்டையில். அடியில் வட்டம் வட்டமாக, நாங்கள் அரிசி கொடுக்கிற வீட்டுப் பெண்கள். ‘ஏழைகளின் கண்ணீர் துடைக்கும் கரங்களே வருக’ என்று சிவப்பு எழுத்து.

மற்ற வட்டங்களில் இருந்தவர்கள் கலங்கலாகத் தெரிந்தார்கள். அது அவர்கள் செய்த புண்ணியம். முத்துலட்சுமியின் படம் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. கை இரண்டும் நீண்டிருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. அரிசிப் பை அவள் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், “டீச்சர், இது நம்ம பூக்கட்டுற அக்கால்ல?” என்றார்.

நான் கருவேப்பிலை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சபையும் நானும்

போன வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், அப்படியானால் உங்களை ஏன் எல்லாரும் டீச்சர் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியாது. கண்ணாடி போட்டு, காட்டன் புடவை கட்டி, குடையோடு நடந்தால் எங்கள் ஊரில் டீச்சர்தான். ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தேன். “சரிங்க டீச்சர்” என்றார்கள்.

ரிட்டயர் ஆன பிறகு கோயிலில் ஏழைகளுக்கு உதவும் சபையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு அரிசி கொண்டுபோகும்போது கூட ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். என் தகுதி அதுதான். துணைச் செயலாளர் என்று பெயர். செயலாளர் சேவியர் சார் வராத அன்று நான் செயலாளர். அவர் வராத நாளே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். வீட்டுக்கு வீடு அரிசி கொடுக்கும்போதுகூட விசில் இல்லாதது அவருக்குக் குறையாகத்தான் இருக்கும்.

தலைவர் லூயிஸ் அண்ணனுக்கு இரும்புக் கடை. ஆணி, கம்பி, தாழ்ப்பாள், தகரம். நல்ல மனிதர். இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு ஒரே ஒரு விஷயம் வேண்டும். அது படமாக வேண்டும்.

ஆகவே எங்கள் சபையில் அரிசி கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. அண்ணன் பையின் ஒரு பக்கத்தைப் பிடிப்பார். வாங்குகிறவர் மறுபக்கத்தைப் பிடிப்பார். சேவியர் சார் போனைத் தூக்குவார். “செத்த நேரம் அப்படியே” என்பார். அந்தச் செத்த நேரம் பை யாருடையதும் அல்ல. படம் சரியாக விழுந்ததும் அண்ணன் கையை எடுப்பார். சில சமயம் எடுக்க மறந்துவிடுவார். வாங்குகிறவர் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்பார்.

பால் பவுடர் சிஸ்டர்

இதை எழுதும்போது ஒரு பழைய ஞாபகம் குறுக்கே வருகிறது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மடத்தில் பால் பவுடர் கொடுப்பார்கள். கப்பலில் வந்தது என்பார்கள். எங்கள் வீட்டிலும் வாங்கினோம். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை, அடிக்கடி இருக்காது. ஆகவே நான் டப்பாவோடு போவேன்.

கொடுக்கிற சிஸ்டர் ஒரு மாதிரி. பவுடரை அளந்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பி ஏதாவது வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார். நாம் எடுத்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வர வேண்டும். “தேங்க்யூ சிஸ்டர்” என்று சொன்னால் முதுகுதான் கேட்கும். சில நாள், “மூக்கைத் துடைச்சிட்டு வர மாட்டியா?” என்று திட்டும் விழும்.

அந்த சிஸ்டருக்குப் பிள்ளைகளைப் பிடிக்காது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். எனக்கு அறுபது வயது தாண்டிய பிறகு, நாகல் நகர் ரவுண்டானாவில் அண்ணாந்து நின்றபோதுதான் அந்த முதுகுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம் என்று பட்டது. கேட்டு உறுதி செய்துகொள்ள அவர் இப்போது இல்லை.

நிலைப்படியில்

முத்துலட்சுமி அன்றைக்கே வந்தாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிவரும் வேன் ஓட்டினார். ஒரு விடியற்காலையில் வேன் கவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு பூ பஸ்ஸில் வந்தது. முத்துலட்சுமி அதை இறக்கி, கட்டி, தெருத்தெருவாக விற்றாள். ஒரே மகள் பிரியா. ஜவுளிக்கடையில் வேலை. அந்தக் கடை ரவுண்டானாவில்தான் இருந்தது. பிளெக்ஸுக்கு நேர் எதிரே.

அவர்கள் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் அல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். யாருக்குக் கஷ்டமோ அவர்களுக்குக் கொடுங்கள், என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்காதீர்கள் என்று எங்கள் ஃபாதர் சொல்லியிருந்தார். அதை மட்டும் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

“டீச்சர், அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

“உள்ள வா. உக்காந்து பேசு.”

“உக்கார்றதுக்கு வரல. பிரியாவுக்கு ஆத்தூர்ல ஒரு இடம் பேசிக்கிட்டிருந்தோம்ல. வந்து பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு, ஆடு மாடெல்லாம் பார்க்க எங்க வீட்டுக்கு வாங்கன்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க. வெள்ளிக்கிழமை பூ வச்சு நிச்சயம் பண்ண வாரோம்னு சொன்னாங்க. இப்ப போன் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“வேலையா இருப்பாங்க.”

“மாப்பிள்ளையோட அத்தை எங்க ஏரியாவுலதான் இருக்கு. அது ரவுண்டானாவுல நின்னு படம் புடிச்சு அவுங்க குடும்பம் பூராவுக்கும் அனுப்பிருச்சு. சம்பந்தி அம்மா ஊர் பார்க்கக் கை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

“பிரியா என்ன சொல்றா?”

“கடைக்குப் போயிட்டுப் பாதியிலேயே வந்துருச்சு. நீ அரிசி வாங்குனதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லம்மா, அதைத் தின்னுதான் நானும் வளந்தேன், ஆனா கடையில வர்றவங்க துணியைப் பார்க்காம என்னையப் பார்க்குறாங்கன்னு சொல்லுது. நான் அரிசி வாங்குனேன் டீச்சர், இல்லைங்கல. என்னையத் தூக்கி அங்க கட்டச் சொன்னேனா?”

ரோஜாப்பூ

நான் லூயிஸ் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் ஒருவருக்குக் கதவுக் கொண்டி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“படம் நல்லாத்தானே விழுந்திருக்கு?” என்றார் முதலில்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கொண்டியைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை விழா. அது முடிஞ்சதும் கழட்டிருவோம்.”

ஆண்டுக்கு ஒருமுறை கோயிலில் ஏழைகளுக்கென்று ஒரு ஞாயிறு வரும். அதற்காகத்தான் அந்த பிளெக்ஸ்.

“பூ வைக்கிறது வெள்ளிக்கிழமை அண்ணே.”

“தங்கச்சி, நான் ஒண்ணு கேக்குறேன். உதவி வாங்குறது அசிங்கமா? இல்ல நாம குடுக்குறது அசிங்கமா? ரெண்டும் இல்லைல்ல? அப்புறம் எதுக்கு மறைக்கணும்?”

இதற்குப் பதில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அப்போது உள்ளேயிருந்து சேவியர் சார் வந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. பிளெக்ஸைக் கழற்ற வேண்டாம், அந்த அம்மாவின் முகத்தை மட்டும் மறைத்துவிட்டால் போதும் என்றார். அவருக்கும் அண்ணனுக்கும் திருப்தி. அன்று சாயங்காலமே பிரிண்டிங் கடையில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் அடித்து வாங்கிக்கொண்டுபோய் ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் ரவுண்டானாவில் நேற்றைவிடக் கூட்டம் அதிகம். கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண். கழுத்துக்கு மேல் ரோஜாப்பூ. நேற்று பார்க்காதவர்களும் இன்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அது யார் என்று கேட்டார்கள். தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

பூக்காரம்மா, அதனால் பூ வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் விளக்கம் சொன்னதை நானே கேட்டேன்.

பொதுவாகச் சொன்னது

அன்று சாயங்காலம் பூசை. வார நாள் என்பதால் கூட்டம் குறைவு. உதவிப் பங்குத்தந்தை, சின்ன வயசு ஃபாதர், பிரசங்கம் வைத்தார்.

தர்மம் செய்கிறவன் தனக்கு முன்னால் எக்காளம் ஊதிக்கொண்டு போகக்கூடாது என்று ஆண்டவர் சொன்ன பகுதி அன்றைய வாசகத்தில் வர வேண்டியதில்லை. ஆனாலும் ஃபாதர் எங்கோ ஆரம்பித்து அங்கே வந்து சேர்ந்தார். பணக்காரன் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கந்தல் கட்டியவனை என் காலடியில் உட்கார் என்று சொல்கிறவர்களைப் பற்றிச் சொன்னார். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதைச் சொன்னார்.

“கால் கழுவுறதுக்கு ஆண்டவர் குனிஞ்சார். குனிஞ்சவர் கடைசி வரைக்கும் காலைத்தான் பார்த்தார். யார் தன்னைப் பார்க்குறாங்கன்னு நிமிர்ந்து பார்க்கல. ஏழைக்குக் குடுக்குறது பெரிய காரியம் இல்ல. குடுக்கும்போது அவங்க முகத்தைக் கீழே விழாமப் பார்த்துக்கிறதுதான் காரியம்.”

பிளெக்ஸ் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. பங்குத்தந்தையான பெரிய ஃபாதர் படமும் அதில் இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது லூயிஸ் அண்ணன் செருப்பு போடாமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஃபாதர் என்னையவா சொன்னார்?”

“இல்லண்ணே. பொதுவாச் சொன்னார்.”

“பொதுவாச் சொன்னா, பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எனக்கு ஏன் தூக்கிப்போட்டுச்சு?”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வலது கால் செருப்பு மட்டும் அவருடையது. இடது கால் யாருடையதோ.

மறுநாள் காலை, கடை திறக்கிற நேரம், தெரு நிறைய ஆள். லூயிஸ் அண்ணன் தன் கடையிலிருந்து ஒரு ஏணியும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு ரவுண்டானாவுக்கு வந்தார். ஆள் வைத்துச் செய்திருக்கலாம். வைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கட்டுக்கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கீழே இருந்தவர்கள், “தலைவரே, எதிர்க்கட்சி வேலையா?” என்று கேட்டார்கள். அவர் அடுத்த கம்பிக்குப் போனார்.

கடைசிக் கம்பியை வெட்டியதும் காற்று பிளெக்ஸைத் தூக்கி அவர் மேலேயே போட்டது. அந்த நீலச் சட்டைக்குள் நிஜமான லூயிஸ் அண்ணன் ஏணியோடு காணாமல் போனார். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் ஓடிப்போய் ஏணியைப் பிடித்து, பிளெக்ஸை உரித்து, அவரை வெளியே எடுத்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி ஒன்றுமில்லை.

அந்த பிளெக்ஸைச் சுருட்டி டீக்கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார். அவர் விறகு மேல் போர்த்திவைத்தார். எழுத்து உள்பக்கம் இருக்கட்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார்.

முத்துலட்சுமி போட்ட நிபந்தனை

கழற்றியாகிவிட்டது. ஆனால் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தானே. ஆத்தூரிலிருந்து போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. யாரும் பூ வைக்க வரவில்லை.

விழா ஞாயிறு நடந்தது. அண்ணன் மேடையில் ஏறவில்லை. தொண்டை சரியில்லை என்றார்.

திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு முத்துலட்சுமி வீட்டுக்குப் போனார். லைன் வீடு. வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். பிரியா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

“நான் ஆத்தூருக்குப் போய்ப் பேசிட்டு வாரேன்” என்றார் அண்ணன்.

முத்துலட்சுமி கை நிற்கவில்லை. “போய் என்ன சொல்லுவீங்க?”

“ரொம்ப நல்ல குடும்பம், கஷ்டப்பட்டுப் பிள்ளையை வளர்த்திருக்காங்க, ஒழுக்கமானவங்க, அப்படின்னு...”

“அதைச் சொல்றதுக்கு நீங்க யாரு?”

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சொன்னாள்.

“போறதுன்னா போங்க. வேணாங்கல. ஆனா என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லக்கூடாது. கெட்டதும் வேணாம், நல்லதும் வேணாம். எங்களுக்குச் சிபாரிசு பண்ணாதீங்க. உங்களைப் பத்தி மட்டும் சொல்லிட்டு வாங்க.”

அண்ணன் சரி என்றார். தன்னைப் பற்றி மட்டும் பேசுவது அவருக்கு எப்போதும் சுலபமான வேலை. காரில் ஏறியபோது அன்றைக்கு மட்டும் அது சுலபமாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஆத்தூரில்

மாப்பிள்ளையின் அப்பா பெருமாள் வீட்டில் இல்லை. தோட்டத்தில் தண்ணி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். டேம் பக்கம் போகிற ரோட்டில் விசாரித்துக்கொண்டு போனோம். தென்னை, அதற்கு அந்தப் பக்கம் கத்தரிக்காய். நடுவில் ஒரு மனிதர் மண்வெட்டியோடு வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வரப்பிலிருந்து கும்பிட்டார். அவர் பார்த்தார்.

“கரண்டு போறதுக்குள்ள இந்தப் பாத்தியை முடிக்கணும். நில்லுங்க.”

நின்றோம். வெயில் ஏறியது. உட்கார இடம் இல்லை. ஒரு தென்னை மட்டை கிடந்தது, எறும்போடு. யாரும் தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து, “விழா அன்னைக்கு நம்ம ஹால்ல அரிசி வாங்க வர்றவங்க இப்படித்தான காத்துக் கிடப்பாங்க?” என்றார்.

“ஆமாண்ணே, நின்னுக்கிட்டுத்தான். நாற்காலியெல்லாம் மேடைக்குப் போயிரும்.”

அவர் எறும்பு போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் நின்றது. பெருமாள் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் அவர் மனைவி காளியம்மாவும் தூக்குவாளியோடு வந்து சேர்ந்தார்.

“யாரு நீங்க?” என்றார் பெருமாள்.

நான் இதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்கு லூயிஸ் அண்ணனிடம் ஒரு நீளமான பதில் உண்டு. வியாபாரிகள் சங்கத்தில் ஆரம்பித்து, பள்ளிக்கூடப் பெற்றோர் கழகம் வழியாக, எங்கள் சபையில் வந்து முடியும். ஒரு முறை துக்க வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்.

“ரவுண்டானாவுல அந்தப் படத்தை வச்சவன்” என்றார்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“நான் குடுத்த அரிசியை நானே ஊருக்குச் சொல்லிக்கிட்டேன். அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாங்க. அதான் கேக்கலயோ என்னமோ. தப்பு என்னோடது. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அவங்க எப்படி? நல்ல ஆளுங்களா?”

அண்ணன் வாயைத் திறந்து மூடினார். “அதை நான் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

“அந்தம்மாதான்.”

பெருமாள் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காளியம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தார். அவர்தான் அடுத்துப் பேசினார். எங்களிடம் இல்லை, என்னிடம் மட்டும்.

“என் நாத்தனார் ஆயிரம் பேசும்மா. சர்ச்சுல சேந்துட்டாங்க, பிச்சை எடுக்கிறாங்கன்னு என்னென்னமோ அனுப்புச்சு. அதுக்காக நான் போன் எடுக்காம இல்ல. அன்னைக்குப் பொண்ணு பார்க்கப் போனோம்ல. அந்தம்மா ரெண்டு வெஞ்சனம், அப்பளம், பாயாசம்னு வச்சு எங்க அம்புட்டுப் பேருக்கும் சோறு போட்டுச்சு. இவரு ரசம் நல்லாருக்குன்னு மூணாந்தடவை சோறு வாங்குனாரு. அந்தப் படத்தைப் பார்த்தப்புறம்தான் தெரியுது, அது எந்த அரிசின்னு. அவங்க ரெண்டு பேரும் வச்சுத் திங்க வேண்டியதை நாங்க உக்காந்து தின்னுட்டு வந்திருக்கோம். அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அதான் எடுக்கல.”

“அவங்க வேற மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காங்க” என்றேன்.

“என்னன்னு?”

“வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு.”

காளியம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு புருஷனைப் பார்த்து, “போனை எடு” என்றார். அவர் சட்டை மோட்டார் ரூமில் தொங்கியது. போய் எடுத்துக்கொண்டு வந்தார். கை ஈரம், திரை கேட்கவில்லை. வேட்டியில் துடைத்து மறுபடி அழுத்தினார்.

அந்தப் பக்கம் முத்துலட்சுமியின் குரல் கேட்டதும் காளியம்மா போனை வாங்கிக்கொண்டு தென்னைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தூக்குவாளியைத் திறந்தார். “கம்மங்கூழ். குடிப்பீங்களா?”

எங்கள் சபையில் உதவிக்குப் போகிற வீட்டில் எதுவும் சாப்பிடக்கூடாது என்று ஒரு பழக்கம். இங்கே உதவி கேட்டு வந்தது யார் என்று யோசித்தேன். அண்ணன் அதற்குள் வாங்கிக் குடிக்க ஆரம்பித்திருந்தார். இரண்டாவது தடவையும் வாங்கினார்.

கல்யாணம்

ஆத்தூரில் அம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளையின் அத்தை வரவில்லை. இன்று வரை அவர் அந்த வீட்டுக்கு வருவதில்லை என்று கேள்வி. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பிரியாவை ஊரில் சிலர் இன்னமும் அந்தப் படத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். அவளே ஒரு நாள் என்னிடம் சொன்னாள். “கேட்டும் கேக்காத மாதிரி போயிர்றேன் டீச்சர்” என்றாள். பழகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அண்ணன் முத்துலட்சுமியிடம் கேட்டிருக்கிறார். வந்து சாப்பிடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். வந்தார். பந்தியில் இடம் கிடைக்காமல் சேவியர் சாரும் அவரும் இரண்டு பந்தி வெளியே நின்றார்கள். யாரும் அவர்களை முன்னால் கூப்பிடவில்லை. அது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. முத்துலட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்னொரு பை

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் நாங்கள் மூவரும் அரிசி கொண்டுபோனோம். சேவியர் சார் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கை மட்டும் பழக்கத்தில் அடிக்கடி அங்கே போய் வந்தது.

முத்துலட்சுமி இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அண்ணன் நினைத்திருந்தார். சொல்லிவிட்டால் தனக்குத் தண்டனை தீர்ந்துவிடும் என்றும் நினைத்திருப்பார். அவள் அப்படிச் சொல்லவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தாள். பூ விற்கிற வருமானத்தில் அவளுக்கு இன்னமும் அரிசி தேவைதான்.

வெளியே வந்து, “இன்னொரு பை இருக்குமா?” என்றாள்.

“யாருக்கு?” என்றார் சேவியர் சார்.

“இந்தத் தெருவுல ஒரு வீடு. அந்தப் பொம்பள கேக்க மாட்டா. கேக்குறதுக்குப் பதிலாப் பட்டினி கிடப்பா. நான் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன். எங்க வீட்ல மிச்சம்னு சொல்லுவேன். சண்டை போட்டு வாங்கிக்குவா.”

“பேரு சொன்னாத்தான பதிவு பண்ண முடியும்” என்றார் சேவியர் சார்.

“பேரு சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் என் மிச்சத்தையும் வாங்க மாட்டா.”

“எந்தப் பக்க வீடுன்னாவது...”

“சார்” என்றாள் முத்துலட்சுமி.

லூயிஸ் அண்ணன் காருக்குப் போனார். டிக்கியிலிருந்து ஒரு பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தார். பையில் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை.

அதிலிருந்து மாதா மாதம் இரண்டு பை அந்த வீட்டுக்குப் போகிறது. இரண்டாவது பை யாருக்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. ஃபாதருக்கும் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டியதில்லை என்று அண்ணன்தான் சொன்னார்.

இதில் அண்ணனுக்கு ஒரு சிரமம் வந்து சேர்ந்தது. அந்தத் தெருவில் எதிரே வருகிற எந்தப் பெண்ணும் அந்தப் பெண்ணாக இருக்கலாம். ஆகவே எல்லாருக்கும் அவரே முதலில் வணக்கம் சொல்கிறார். குடத்தோடு வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறார். வீட்டு வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் பைக்கிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்.

அடுத்த எலெக்ஷனில் அவர் வார்டு கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார் என்று அந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.